கல்லைக் காப்பாற்றிய ஊர்

மலேசியாவின் காஹாங்கில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது காலை ஒன்பது மணி. மழை அப்போதுதான் விட்டிருந்தது. எதிரே ஒரு பாய் கடை தெரிந்தது. போய் உட்கார்ந்ததும் கடைக்காரர், "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார். பசியாறத்தானே வந்து உட்கார்ந்திருக்கிறேன், இது என்ன கேள்வி என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஊரில் காலையில் நலம் விசாரிப்பதே அப்படித்தான் என்பது பிறகு தெரிந்தது. ரொட்டி சானாய் வந்தது. நம் பரோட்டாவுக்குச் சொந்தக்காரன்தான். ஆனால் மெலிந்து, மிருதுவாக, தொட்டுக்கொள்ளப் பருப்புக் குழம்போடு வருகிறான். இரண்டு தின்றேன். மூன்றாவதையும் தின்றிருப்பேன், வயது தடுத்தது.

கடைக்காரரின் தகப்பனார் அதிராம்பட்டினத்துக்காரராம். நான் அறந்தாங்கி என்றதும் முகம் மலர்ந்து எதிரே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன ஜோலியா வந்தீங்க?"

"ஒரு பேரைக் கேட்டுட்டுப் போக வந்தேன்."

"இதுக்கு பிளேன் ஏறி வரணுமா? போன்ல கேட்டா முடிஞ்சது லா."

போனில் சொல்ல ஆள் இல்லை. அந்தப் பெயர் ஒரு கல்லில் இருக்கிறது.

என் அப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது. பிறந்தது இங்கே, காஹாங்கிலிருந்து உள்ளே தள்ளி ஆற்றங்கரையில் இருக்கும் கங்கார் லாமா என்ற சின்ன ஊரில். அப்போது அது ரப்பர் தோட்டம். அவருக்கு ஒரு தங்கை இருந்தாள். வீட்டிலும் லயத்து வரிசை வீடுகளிலும் எல்லோரும் அவளைப் பாப்பா என்றே கூப்பிட்டார்கள். மூன்று வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அப்பாவின் அப்பா, என் தாத்தா சின்னையா, சிமெண்டில் ஒரு பலகைக்கல் வார்த்து, ஈரம் காய்வதற்குள் ஆணியால் அவள் பெயரை எழுதிப் புதைத்த இடத்தில் நட்டார். பக்கத்தில் நின்று பார்த்த என் அப்பாவுக்கு அப்போது ஆறு வயது. படிக்கத் தெரியாது. சில மாதங்களில் குடும்பம் கப்பலேறி அறந்தாங்கிக்கு வந்துவிட்டது. அதன் பிறகு அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொன்னதில்லை. கேட்கக் கூடாது என்று தடை எதுவும் இல்லை, ஆனால் அப்பாவால் கேட்க முடியவில்லை. பெற்றவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்தார்கள். பெயர் தெரிந்தவர்கள் உலகத்தில் ஒருவரும் இல்லை.

போன வருடம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு அப்பா அதையே கேட்க ஆரம்பித்தார். "பாப்பா பேரு என்னடா?" தூங்கி எழுந்தால் கேட்பார். சாப்பாட்டுத் தட்டை வைத்தால் கேட்பார். எனக்கு எப்படித் தெரியும் என்று ஒரு நாள் எரிந்து விழுந்தேன். அன்றைக்கு முழுவதும் அவர் பேசவில்லை. அடுத்த வாரம் நான் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பத்திரண்டு வருடம் சங்கிலி இழுத்திருக்கிறேன். எல்லைக்கல் எங்கே நட்டதோ அங்கேயே இருக்க வேண்டும் என்பது என் ரத்தத்தில் ஊறிய விஷயம். அரை அடி நகர்ந்தாலும் அண்ணன் தம்பி வெட்டிக்கொள்வதைக் கண்ணால் பார்த்தவன்.

பத்து மணிக்கு மணியம் வந்தார். கங்கார் லாமா கோயில் கமிட்டியில் இருப்பவர். போனில் பேசி ஏற்பாடு செய்திருந்தேன். அறுபதைத் தாண்டியவர், செம்பனை எண்ணெய் ஆலையில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், ஒட்டி உலர்ந்த உடம்பு. கை கொடுத்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சின்னையா பேரன்தானே சார்?"

"ஆமாம்."

"போலாம்," என்றார். நேரே போய் வேனில் ஏறிக்கொண்டார்.

சாலையின் இரண்டு பக்கமும் செம்பனை. ஊர் மாறுகிறது, மரம் மாறவில்லை. தஞ்சாவூர் வயலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் பச்சை குளிர்ச்சியாக இருந்தது. அரை மணியில் சலித்துப்போய், எங்காவது ஒரு வேப்பமரம் தெரியாதா என்று கண் தேட ஆரம்பித்துவிட்டது. குலை ஏற்றிய லாரிகள் எங்களுக்கு முன்னால் ஆமையாக நகர்ந்தன.

ஊருக்கு இரண்டு மைல் இருக்கும்போது வேன் நின்றது. எதிரே ஆறு. தரைப்பாலத்தின் மேல் முழங்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மேலே மலைப்பக்கம் பெய்த மழை. கங்கார் லாமாவின் பூகோளம் மொத்தமும் அந்த இடத்தில் புரிந்துவிட்டது. ஆறு மூன்று பக்கம் வளைத்துக்கொண்டு ஓடுகிறது, நாலாவது பக்கம் செம்பனைக் காடு, உள்ளே போக இந்த ஒரு தரைப்பாலம்தான். தண்ணீர் இறங்கினால் ஊருக்குப் போகலாம், ஏறினால் உட்கார வேண்டும். உட்கார்ந்தோம்.

எங்களுக்கு முன்னே ஒரு மலாய்ப் பெரியவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் குந்தியிருந்தார். வண்டியின் பின்னால் ஒரு கட்டு வாழை இலை. மணியம் அவரைப் பாக் டின் என்று கூப்பிட்டார். இருவரும் மலாயில் பேசிக்கொண்டதை எனக்கு மணியம் சொன்னார். தண்ணீர் எப்போது இறங்கும் என்று இவர் கேட்க, "அதற்கு இன்றைக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது, மெதுவாகத்தான் போகும்" என்று அவர் சொல்லியிருக்கிறார். வாழை இலை எதற்கு என்று கேட்டேன்.

"நாளை மறுநாள் தீபாவளிக்கு முத நாள். நாங்க செத்தவங்க குழிக்குப் படைப்போம். வருஷா வருஷம் இலை அவருதான் கொண்டாந்து குடுப்பாரு."

அந்த இரண்டு மணி நேரத்தில் மணியம் ஊர்க்கதை சொன்னார். கங்கார் என்றால் சீனர்கள் அந்தக் காலத்தில் ஆற்றோரம் மிளகும், தோல் பதனிட உதவும் கம்பியர் செடியும் பயிரிட்ட குடியிருப்புத் துறைக்குப் பெயராம். லாமா என்றால் மலாயில் பழையது. சீனர்கள் காட்டை வெட்டினார்கள், பிறகு வெள்ளைக்காரக் கம்பெனி வந்து கித்தா என்கிற ரப்பர் மரம் நட்டது, மரம் சீவ நம் ஆட்களைக் கொண்டுவந்தது. காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் ஊரைச் சுற்றி முள்வேலி போட்டு, சோற்றைக்கூட அளந்துதான் வெளியே விட்டார்களாம். பிறகு கித்தாவை அழித்து செம்பனை வந்தது. செம்பனைக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள். நம்மவர்கள் குளுவாங், ஜொகூர் பாரு என்று சிதறிவிட்டார்கள். மணியத்தின் மகன் ஜொகூர் பாருவில் இருந்துகொண்டு தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறான்.

கல்லைப் பற்றி நான் இரண்டு தடவை கேட்டேன். "காலையில போயி பார்ப்போம் சார்," என்றார் இரண்டு தடவையும்.

தண்ணீர் இறங்கி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணியத்தின் மனைவி லெட்சுமி வாசலிலேயே காத்திருந்தார். பருத்த உடம்பு, உரத்த குரல், புருஷன் பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்துப் பேசுகிறவர். ஆற்று மீனைப் புளிபோட்டுக் குழம்பு வைத்திருந்தார். காட்டுக்குள் இருக்கும் ஜக்குன் பழங்குடிப் பெண் ஒருத்தி கொண்டுவந்து கொடுத்த மீனாம். நல்ல காரம். கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிட்டேன். தட்டில் சோறு குறையக் குறைய அவர் போட்டுக்கொண்டே இருந்தார். மணியம் மட்டும் பிசைந்த சோற்றை உண்ணாமல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில் சுடுகாட்டுக்குப் போனோம். சுடுகாடு என்று சொல்கிறார்களே தவிர புதைப்பதுதான். ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில், செம்பனைக்கு நடுவே, சின்ன நிலம். புல்லைச் சுத்தமாக வெட்டி வைத்திருந்தார்கள். கற்கள் வரிசையாக, ஒன்றுக்கொன்று சம இடைவெளியில் நின்றன. பார்த்த உடனே எனக்குச் சந்தேகம் வந்தது. ஐம்பது அறுபது வருடத்தில், வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஆட்கள் நட்ட கல் இப்படி நிற்காது. ஒரே நாளில் ஒரே கை நட்டால்தான் இப்படி நிற்கும்.

மணியம் கடைசி வரிசையில் ஒரு சின்னக் கல்லுக்கு முன்னால் போய் நின்றார். சிமெண்ட் பலகை. மேல் பாதி உடைந்து போயிருந்தது. கீழ்ப் பாதியில், கோணல் மாணலான எழுத்தில், 'சின்னையா மகள்' என்று இருந்தது.

என் தாத்தாவின் கையெழுத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். உட்கார்ந்து விரலால் தடவினேன். 'ம'வின் மேல் ஆணி வழுக்கியிருந்தது. மேலே, பெயர் இருக்க வேண்டிய இடத்தில், காற்றுதான் இருந்தது.

"மிச்சம் எங்கே?" என்றேன்.

மணியம் தொப்பியைக் கழற்றினார். "நான்தான் சார் ஒடச்சேன்," என்றார்.

முப்பது வருடம் இருக்குமாம். ஆறு பெருகப்போகிறது என்று தகவல் வந்தது. முந்தைய வெள்ளம் ஒன்று கற்களை அடித்துக்கொண்டு போனதை ஊர் மறக்கவில்லை. இந்தத் தடவை ஒரு கல்லும் போகக் கூடாது என்று முடிவு செய்து, ஆண்கள் எல்லோரும் சேர்ந்து அத்தனை கற்களையும் பிடுங்கி மேட்டிலிருக்கும் கோயிலில் அடுக்கினார்கள். யாருக்கும் புத்தி கெட்டுப் போகவில்லை. தோட்டத்து ஆட்கள், மரத்தை நிரை நிரையாக நம்பர் போட்டுச் சீவிப் பழகியவர்கள். ஒவ்வொரு கல்லுக்கும் சிவப்புச் சாயத்தில் நம்பர் போட்டார்கள். அதே நம்பரை ஒரு மரக்குச்சியில் எழுதிக் குழியின் தலைமாட்டில் அடித்தார்கள்.

"குச்சியெல்லாம்?" என்றேன்.

"மெதந்து போயிருச்சு சார். மேடும் கரைஞ்சு எல்லாம் ஒரே மட்டமா கெடந்துச்சு. கல்லு மட்டும் பத்திரமா இருந்துச்சு."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கோபம்தான் வந்தது. "கல்லை எடுத்துட்டுக் குச்சியை நட்டீங்களா? வெள்ளம் வர்ற இடத்துல மரக்குச்சியா?" என்று சத்தம் போட்டேன். வயதான மனிதரை, சோறு போட்ட வீட்டுக்காரரை, அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சொன்னார், தூக்கிக்கொண்டு போகும்போது மழையில் கால் வழுக்கி இந்தக் கல்லைப் போட்டுவிட்டார். மேல் பாதி தூளாகிவிட்டது. பொறுக்கி வைத்த சில்லுகளும் சேற்றில் போயின.

"தூக்குறதுக்கு முந்தி ஒரு தரம் படிச்சிருந்தா போதும். நான் படிக்கல. மறுநாளு ஊரு பூரா கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியல. எவராச்சும் ஒரு நாளு வந்து கேப்பாங்கன்னு முப்பது வருஷமா பயந்துகிட்டே இருந்தேன். நீங்க போன் பண்ணீங்க."

பையில் அளவு நாடா வைத்திருந்தேன். பழக்கதோஷம். குழி வரிசை, கால்மாடு தலைமாடு, ஆற்றுத் தூரம் எல்லாவற்றையும் வைத்துப் பழைய இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று ஒரு மணி நேரம் அங்குமிங்கும் நடந்தேன். அளக்க வேண்டுமானால் நகராத ஒரு புள்ளி வேண்டும். அந்த நிலத்தில் அப்படி ஒன்றும் இல்லை. ஆறுகூட அன்றிருந்த இடத்தில் இல்லை. நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டேன்.

திரும்பும்போது மணியம் வீட்டுப் பின்புறம் கூட்டிக்கொண்டு போய் ஒரு சாக்கை விலக்கிக் காட்டினார். புதிய பலகைக்கல் ஒன்று. கீழ்ப் பாதியில் 'சின்னையா மகள்' என்று அழகாகப் பொறித்திருந்தார். மேலே காலியாக விட்டிருந்தார்.

"ரொம்ப நாளா வச்சிருக்கேன். நீங்க பேர சொன்னீங்கன்னா சிமெண்டு பூசி எழுதிரலாம்."

நான் கேட்க வந்ததை அவர் என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியாது என்று சொன்னேன். அவர் சாக்கை மறுபடி இழுத்து மூடினார். அந்த மனிதரைத் திட்டியதற்கு அப்போது வெட்கப்பட்டேன். அதை அவரிடம் சொல்லவும் செய்தேன்.

அடுத்த நாள் படையல். பகல் பதினொரு மணிக்கே வெளியூர்க் கார்கள் தரைப்பாலத்தைத் தாண்டி வந்துவிட்டன. கல்லுக்குக் கல் தனித்தனியாகப் படைப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. முதல் கல்லிலிருந்து கடைசிக் கல்வரை வாழை இலையை நுனியும் அடியுமாகச் சேர்த்து ஒரே நீளமாக விரித்தார்கள். யார் என்ன கொண்டுவந்தாலும் அதை எல்லா இலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துக்கொண்டே போனார்கள். முறுக்கு, அதிரசம், வடை, கோழிக் கறி, சிகரெட்டு, பீர் பாட்டில்கூட. எல்லாக் கல்லுக்கும் விளக்கு.

"எந்தக் கல்லு யாருக்குன்னு தெரியாதுல்ல அண்ணே," என்றார் லெட்சுமி. "அதனால எல்லாருக்கும் எல்லாம். அவங்க அவங்க, வேணுங்கறத பார்த்து எடுத்துக்குவாங்க. வெள்ளத்துக்குப் பெறகு இப்படித்தான்."

அவர் மட்டும் ஒரு பாத்திரத்தைத் தனியாக வைத்திருந்தார். கேசரி. உடைந்த சின்னக் கல்லுக்கு முன்னால் போய் அதைக் கூடுதலாக ஒரு கை வைத்தார். புருஷன் உடைத்த கல் என்பதால் அந்தப் பிள்ளையைத் தான் எடுத்துக்கொண்டதாகச் சொன்னார். முப்பது வருடமாக ஒவ்வொரு தீபாவளிக்கும் கேசரி கிண்டிக் கொண்டுவருகிறார். "கல்லு அவளோடது. கீழ இருக்கிறது யாரு பெத்த புள்ளையோ. இருந்தா என்ன, புள்ளதானே."

கோயில் மேட்டில்தான் போனுக்கு சிக்னல் நன்றாகக் கிடைக்கும் என்றார்கள். ஆனால் அன்றைக்குக் குழிக்குப் பக்கத்திலேயே கிடைத்தது. வீட்டுக்கு வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே காலை ஒன்பது மணி. என் மனைவி போனை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். பொய் ஒன்றைச் சொல்லிவிடலாம் என்று இரவெல்லாம் யோசித்திருந்தேன். ஏதாவது ஒரு பெயர், ராணி, செல்லம்மா, எதுவானாலும் அவர் நிம்மதியாகிவிடுவார். அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன். கல் உடைந்தது, பெயர் போய்விட்டது, எந்த இடம் என்பதும் தெரியாது.

பக்கத்தில் நின்ற மணியம் கைகளைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒடச்சவரு அங்க இருக்காரா?" என்றார் அப்பா.

போனை மணியத்திடம் திருப்பினேன்.

"ஐயா," என்றார் மணியம். இரண்டு கையையும் கூப்பினார்.

"நாங்க பாப்பான்னுதான் கூப்பிட்டோம்," என்றார் அப்பா. "அதுவே போதும். அதையே எழுதுங்க." பிறகு, "அங்க இலையில என்ன வச்சிருக்கீங்க? காட்டுங்க பார்ப்போம்," என்றார்.

லெட்சுமி போனை வாங்கி ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார். கேசரி வந்ததும் அப்பா நிறுத்தச் சொன்னார்.

"பாப்பாவுக்கு இனிப்பு ஆகாதும்மா. வாயில வச்சா துப்பிரும். அதுக்குக் காந்தல்தான். சட்டியில அடிப்பிடிச்ச சோத்த சொரண்டி, உப்புப் போட்டு உருட்டிக் குடுத்தா திங்கும். எனக்குக் குடுக்காது."

இதை அவர் எங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. எழுபத்தாறு வருடம் எங்கே வைத்திருந்தாரோ.

லெட்சுமி கேசரியைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். "அலமாக், முப்பது வருஷமா வாயத் தொறந்து சொல்லலயே நீ," என்று கல்லைப் பார்த்துச் சொன்னார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

அது அவ்வளவு எளிதாக இல்லை. ரைஸ் குக்கரில் சோறு அடிப்பிடிக்காது. பரண் மேலிருந்து பழைய சட்டியை இறக்கி, விறகு மூட்டி, வாழ்நாள் முழுக்கச் சோற்றைத் தீயவிடாமல் வடித்த அந்த அம்மாள், தீய வேண்டுமே என்று குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். முதல் தடவை கருகிவிட்டது. இரண்டாம் தடவை பொன்னிறமாக வந்தது. சுரண்டி, உப்புப் போட்டு, உள்ளங்கையில் சின்னதாக, ஒரு மூன்று வயதுப் பிள்ளையின் வாய் அளவுக்கு மூன்று உருண்டை பிடித்தார்.

நாங்கள் திரும்பி வரும்வரை யாரும் இலையை எடுக்கவில்லை. வெளியூர்க்காரர்கள் காரில் ஏறாமல் நின்றிருந்தார்கள். பாக் டின்கூட வேலியோரம் நின்றிருந்தார். நான் மறுபடி அப்பாவைக் கூப்பிட்டேன். லெட்சுமி உருண்டைகளைச் சின்னக் கல்லுக்கு முன்னால் வைத்தார். பிறகு ஒரு கணம் யோசித்துவிட்டு, ஒன்றை மட்டும் எடுத்துப் பிட்டுப் பிட்டு வரிசை முழுக்க மற்ற இலைகளிலும் வைத்துவிட்டு வந்தார். அவள் எந்தக் கல்லுக்குக் கீழே இருக்கிறாளோ, யாருக்குத் தெரியும்.

"பாப்பா," என்றார் கல்லிடம், "அண்ணன் சொல்லிவிட்டிருக்காரு. சாப்பிடு."

அப்பா போனுக்குள் முகத்தைக் கொண்டுவந்தார். கண் சரியாகத் தெரியாதவர், அந்த உருண்டைகளைப் பார்த்தாரா என்பதுகூட எனக்குத் தெரியாது. குரல் மட்டும் தெளிவாக வந்தது.

"தின்னுட்டு தனியா ஆத்துப் பக்கம் போகக் கூடாதுன்னு சொல்லும்மா."

லெட்சுமி குனிந்து அதையும் சொன்னார்.